சங்கத்துக்கு எதற்குப் பத்திரிகை?

"தொழிற்சங்கம் என்றால் சம்பளத்தைப் பேசட்டும், போனஸைப் பேசட்டும். சந்தாப் பணத்தில் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?"

இப்படிக் கேட்பவர்கள் எல்லாரும் முதலாளியின் ஆட்கள் கிடையாது. சங்கத்திலேயே பாதிப் பேர் கேட்கிற கேள்விதான். கணக்கைப் புரட்டினால் அச்சுக்கூலி, காகிதம், தபால் என்று செலவுப் பக்கம் வரிசைகட்டி நிற்கும். வரவுப் பக்கத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. பி.காம். முதலாண்டு மாணவன்கூட 'நட்டம்' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவான். இப்போது வாட்ஸ்அப் குழு வேறு வந்துவிட்டது. சங்கப் பத்திரிகை என்று பேசினாலே பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள்.

இந்த வாதத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை என்று பார்க்க, அமெரிக்க ரயில்களில் நூறு வருடத்துக்கு முன்னால் வேலை பார்த்த புல்மன் போர்ட்டர்களின் கதை ஒன்றே போதும்.

போர்ட்டர் என்றதும் எழும்பூர் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டை போட்டுப் பெட்டி தூக்குகிறவர் நினைவுக்கு வந்தால், அவர் இல்லை. புல்மன் போர்ட்டர் படுக்கை வசதி உள்ள ரயில் பெட்டிக்குள்ளேயே பயணம் செய்பவர். சாமான்களை ஏற்ற வேண்டும், படுக்கையை விரிக்க வேண்டும், மணி அடித்தால் ஓட வேண்டும். பயணிகள் தூங்கிய பிறகு அவர்களுடைய பூட்ஸுக்கெல்லாம் பாலிஷ் போட வேண்டும். விடிந்ததும் எழுப்பிவிட்டு எல்லாவற்றையும் மடித்து வைக்க வேண்டும். 1867-இல் ஜார்ஜ் புல்மன் ஆரம்பித்த கம்பெனி இந்தப் பெட்டிகளைக் கட்டி, வேறு வேறு ரயில்வேக்களின் வண்டிகளில் இணைத்து ஓட்டியது. அடிமை முறை 1865-இல்தான் ஒழிந்திருந்தது. விடுதலையான கறுப்பின மக்களைத் தேடிப் பிடித்துப் போர்ட்டர் வேலையில் வைத்தார் புல்மன். கூலி குறைவு, பணிவிடை செய்து பழகியவர்கள் என்ற கணக்கு வேறு. அடிமைக்கு எஜமானின் பெயரை வைக்கிற பழைய வழக்கப்படி, பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். 1914-இல் ஜார்ஜ் என்ற பெயருள்ள ஒரு வெள்ளைக்கார மர வியாபாரி, போர்ட்டர்களை ஜார்ஜ் என்று கூப்பிடுவதைத் தடுக்க ஒரு சங்கம் வைத்தார். போர்ட்டர்கள் மேல் இரக்கப்பட்டு வைத்தது இல்லை, தன் பெயர் கெடுகிறதே என்று பாதி விளையாட்டாக வைத்தது!

1915-இல் தொழில் உறவுகள் பற்றி விசாரித்த அமெரிக்க அரசுக் கமிஷன் முன்னால் புல்மன் கம்பெனியின் பெரிய மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். அப்போது போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர். வந்தவர் பெயர் ராபர்ட் டாட் லிங்கன். ஆமாம், ஆபிரகாம் லிங்கனின் மகனேதான். அப்பா விடுதலை செய்த மக்களின் பிள்ளைகள் பயணிகளின் டிப்ஸை நம்பி வாழ வேண்டியிருந்த ஒரு கம்பெனிக்கு, மகன் பதினாலு வருடம் தலைவராக இருந்தவர்.

1925-க்கு வருவோம். மாதச் சம்பளம் 67.50 டாலர். அதற்கு 11,000 மைல் ஓட வேண்டும், அல்லது மாதம் சுமார் 400 மணி நேரம் உழைக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 17 சென்ட்கூட முழுதாக வராது. வண்டி கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைத் தயார் செய்கிற நேரத்துக்குச் சம்பளமே கிடையாது. பாலிஷ் டப்பா சொந்தக் காசு. சாப்பாடு சொந்தக் காசு. துண்டு தொலைந்தால் சம்பளத்தில் பிடித்தம். மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸ் ஈடுகட்டிவிடும் என்பது கம்பெனியின் பதில். அதாவது கூலிச் செலவில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு, அதை வாங்குவதற்குத் தொழிலாளியைப் பல்லிளிக்க வைப்பது. காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இதற்கு ஒரு பெயரும் கிடையாது.

போர்ட்டர்கள் கேட்டது 240 மணி நேரத்துக்கு 150 டாலர். அதாவது மணிக்கு 62.5 சென்ட்.

இனிப் பத்திரிகை. இந்தக் கதையில் சங்கத்துக்கு முன்னாலேயே பத்திரிகை வந்துவிட்டது.

1917 ஆரம்பத்தில் நியூயார்க்கில் ஹோட்டல் சர்வர்களின் சங்கம் ஒன்று, ஏ. பிலிப் ராண்டால்ஃப், சாண்ட்லர் ஓவன் என்ற இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டுத் தன் பத்திரிகைக்கு ஆசிரியர்களாகப் போட்டது. பத்திரிகையின் பெயர் 'ஹோட்டல் மெசஞ்சர்'. அந்தச் சங்கத்தில் தலைமை சர்வர்களும் உண்டு, அவர்களுக்குக் கீழே வேலை செய்யும் சாதாரண சர்வர்களும் உண்டு. தலைமை சர்வர்கள் கீழே உள்ளவர்களுக்குச் சீருடையை அதிக விலைக்குத் தள்ளி, வியாபாரியிடம் கமிஷன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் இருவரும் அதைச் சங்கப் பத்திரிகையிலேயே போட்டு உடைத்தார்கள். சில மாதங்களிலேயே வேலை போனது. போனால் போகிறது என்று 'ஹோட்டல்' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, அந்த ஆண்டே 'தி மெசஞ்சர்' என்று சொந்தமாக ஆரம்பித்துவிட்டார்கள்.

போரை எதிர்த்து எழுதியதற்காக 1918-இல் கிளீவ்லாந்தில் இருவரையும் கைது செய்தார்கள். ரெண்டு கறுப்புப் பையன்களால் இப்படியெல்லாம் எழுத முடியாது, யாரோ வெள்ளைக்கார சோஷலிஸ்டுகள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டார் நீதிபதி. இருவருக்கும் அப்போது வயது 29. விடுதலை கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதா, அவமானம் என்று கொதிப்பதா, சொல்லுங்கள்! அரசாங்கம் வேறு வழியில் கடித்தது. பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணத்தை மெசஞ்சருக்கு ரத்து செய்தது. எழுத்து ஒன்றும் செய்யாது என்று நம்புகிற அரசாங்கம் தபால் தலையில் கை வைக்காது.

1925-இல் ஆஷ்லி டாட்டன் என்ற போர்ட்டர் ராண்டால்ஃபைத் தேடி வந்தார், சங்கம் கட்ட வேண்டும் என்று. ஏன் இவரை? "போர்ட்டர் வேலையே பார்க்காத ஆள், வெளியாள், அரசியல்வாதி" என்று கம்பெனி பிறகு வருடக்கணக்கில் பாடியது. இன்றும் எந்தத் தொழிற்சங்கத் தகராறிலும் முதலில் வருவது இந்தப் பாட்டுதான். ஆனால் போர்ட்டர்கள் அவரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். முன்பு உள்ளிருந்து முயன்றவர்களையெல்லாம் கம்பெனி தூக்கி எறிந்திருந்தது. ராண்டால்ஃபை வேலையைவிட்டு நீக்க முடியாது, ஏனென்றால் அவர் கம்பெனியில் வேலையே பார்க்கவில்லை. அதோடு அவரிடம் பத்திரிகையும் இருந்தது.

1925 ஜூலை மெசஞ்சரில் போர்ட்டரின் வழக்கு என்று சம்பளத்தையும் வேலை நேரத்தையும் எடுத்து வைத்து எழுதினார். ஆகஸ்ட் 25 அன்று ஹார்லெமில் கூட்டம், சுமார் ஐந்நூறு பேர். அந்தக் கூட்டத்தில் எந்தப் போர்ட்டரும் வாய் திறக்கவில்லை. பேச்சு, தீர்மானம் எல்லாம் ராண்டால்ஃபே பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் கம்பெனியின் ஒற்றர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பேசியவன் பெயர் மறுநாள் மேசைக்குப் போய்விடும். படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்களின் சகோதரத்துவ சங்கம் அப்படித்தான் பிறந்தது. மெசஞ்சர் அதன் அதிகாரபூர்வ ஏடானது.

சொந்தக் கூட்டத்திலேயே வாய் திறக்க முடியாதவனுக்குப் பத்திரிகையைத் தவிர வேறு எங்கே குரல்? 'எதற்குப் பத்திரிகை' என்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். சந்தா கட்டியதை வெளியே காட்ட முடியாது, சங்கச் சின்னத்தைக் குத்திக்கொள்ள முடியாது. ஒரு போர்ட்டர் சிகாகோவில் இருப்பார், இன்னொருவர் ஓக்லாந்தில் இருப்பார், மற்ற நாளெல்லாம் தனித்தனிப் பெட்டியில் தனியாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆலைத் தொழிலாளிக்காவது ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆலைவாசல் உண்டு. இவர்களுக்கு அதுவும் கிடையாது.

பத்திரிகையின் அருமை கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 1922-லிருந்தே 'புல்மன் நியூஸ்' என்று சொந்தப் பத்திரிகை நடத்தியது. 1920-இல் 'ஊழியர் பிரதிநிதித்துவத் திட்டம்' என்று ஒரு கம்பெனிச் சங்கத்தையும் வைத்துக் கொடுத்திருந்தது. நிர்வாகவியல் புத்தகங்களில் 'தொழிலாளர் பங்கேற்பு' என்ற அத்தியாயத்தில் வருகிற அழகான வார்த்தைகள் அத்தனையும் அதில் உண்டு. கடைசித் தீர்ப்பு மட்டும் கம்பெனி அதிகாரிகள் கையில். 1926-இல் இந்தத் திட்டத்தின் மூலம் மாதச் சம்பளம் 72.50 டாலராக உயர்ந்தது. "பார்த்தீர்களா, சங்கம் இல்லாமலே கிடைக்கிறது" என்றார்கள். சங்கம் பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் எங்கிருந்து வந்தது இந்தத் திடீர் தாராளம்? சங்கமே வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்காகக் கொடுத்த அந்த ஐந்து டாலர்தான் சங்கம் வாங்கிக் கொடுத்த முதல் உயர்வு.

அடுத்து கம்பெனி கறுப்பினத்தவரின் பத்திரிகைகள் பக்கம் திரும்பியது. சில பத்திரிகைகளில் புல்மன் விளம்பரங்கள் வந்தன, கூடவே சங்கத்தைத் திட்டித் தலையங்கங்களும் வந்தன. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பயணிக்குப் புல்மன் படுக்கை கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஏற முடியாத வண்டிக்கு அவர்கள் பத்திரிகையில் எதற்கு விளம்பரம்? விளம்பரச் செலவு என்று எழுதப்பட்ட தொகை எதற்கான செலவு என்று எந்த ஆடிட்டரும் கேட்டிருக்க மாட்டார்.

இதில் 'சிகாகோ டிஃபெண்டர்' கதை தனி. 1905-இல் ராபர்ட் ஆபட் ஆரம்பித்த இந்த வாரப் பத்திரிகை தெற்கே எப்படிப் பரவியது தெரியுமா? புல்மன் போர்ட்டர்கள் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போய், ஊர் ஊராக இறக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் அதைத் தடுத்த ஊர்களிலும் போர்ட்டர்கள் வழியாகக் கமுக்கமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்திரிகையை நாடு முழுக்க வளர்த்துவிட்டதில் போர்ட்டர்களின் கைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே டிஃபெண்டர், அதே போர்ட்டர்கள் சங்கம் வைத்தபோது எதிர்த்து நின்றது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அது. சங்கம் டிஃபெண்டரைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, 1927 இறுதியில்தான் அது மனம் மாறியது.

அடுத்தவர் பத்திரிகையை நம்பி நிற்கிற இயக்கத்தின் கதி இதுதான். 'பிட்ஸ்பர்க் கூரியர்' நேர் எதிராக நடந்தது. ஆரம்பத்தில் சங்கத்தை ஆதரித்தது, 1928-இல் திரும்பிக்கொண்டு, ராண்டால்ஃப் விலக வேண்டும் என்று எழுதியது. ஒருவர் வந்தார், ஒருவர் போனார். இரண்டு முடிவும் போர்ட்டர்கள் கையில் இல்லை. சொந்தப் பத்திரிகை ஒன்றுதான் கையில் இருந்தது.

பெண்களை இங்கே சொல்லாமல் போனால் அது அநியாயம். வாஷிங்டனில் ரோசினா டக்கர் என்ற போர்ட்டரின் மனைவி, சங்கத் தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, சந்தாவையும் ரகசியமாக வாங்கி வந்தார். விஷயம் தெரிந்து கம்பெனி அவருடைய கணவரை வேலையைவிட்டு நிறுத்தியது. அம்மா நேராக அதிகாரியின் அறைக்குள் போய், என் வேலைக்கும் என் புருஷன் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வந்தார். இவ்வளவு செய்தும் பெண்களுக்குச் சங்கம் திருப்பிக் கொடுத்தது குறைவு. புல்மன் வண்டிகளில் வேலை பார்த்த பணிப்பெண்களின் பெயரும் சேர்ந்துதான் ஆரம்பத்தில் சங்கத்தின் பெயர் இருந்தது. பிறகு அந்தச் சொல் கழன்றுவிட்டது.

1928-ஐ மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்பவர்களும் உண்டு. மறைக்கக் கூடாது. வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 6,053, எதிர்ப்பு வெறும் 17. நெருக்கடி நிலை என்று அரசின் சமரச வாரியம் அறிவிக்கும், ஜனாதிபதி தலையிடுவார் என்பது ராண்டால்ஃபின் கணக்கு. நெருக்கடியெல்லாம் ஒன்றும் இல்லை என்று வாரியம் கைவிரித்துவிட்டது. ஜூன் 8 வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தாகிவிட்டது. அன்று சில மணி நேரத்துக்கு முன்னால் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் வில்லியம் கிரீன் சொன்ன ஆலோசனைப்படி வேலைநிறுத்தம் வாபஸ். இறங்கியிருந்தால் நசுங்கியிருப்பார்கள், அது உண்மை. ஆனால் ஆறாயிரம் பேரைத் துணிய வைத்துவிட்டு வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால், அடுத்த மாதம் சந்தா கட்ட யார் வருவார்கள்?

மெசஞ்சரும் அந்த ஆண்டின் நடுவில் நின்றது. ஹார்லெம் எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்த பத்திரிகை அது. லாங்ஸ்டன் ஹியூஸின் ஆரம்பகாலச் சிறுகதைகள் அதில்தான் வந்தன. காசு இல்லை, அவ்வளவுதான். சந்தா கட்டிய உறுப்பினர்கள் 1928-இல் 4,632 பேர். 1933-இல் 658 பேர். பெருமந்தம் வேறு சேர்ந்துகொண்டது.

'நட்டம்' என்று கோடு போட்டவர் இந்த இடத்தில் எழுந்து நின்று "சொன்னேனா இல்லையா?" என்பார். கொஞ்சம் பொறுக்கட்டும்.

எல்லாம் போன பிறகு, 1929-இல், சங்கம் செய்த வேலை என்ன தெரியுமா? மறுபடி ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. பெயர் 'தி பிளாக் வொர்க்கர்'. மெசஞ்சர் போலக் கதை, கவிதை, விமர்சனம் என்று அகலக் கால் வைக்காமல், தொழிலாளிக்கான ஏடாக வந்தது. அலுவலக வாடகைக்கே தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இதை ஆரம்பித்தார்கள். பைத்தியக்காரத்தனமா?

பிறகு ரூஸ்வெல்ட் வந்தார், சட்டம் வந்தது, சங்கம் ஜெயித்தது. பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்பது அடுத்த வாதம். படித்தவர்கள் சொல்வது இது. 1933-இல் ரயில்வே ஊழியர்களுக்காக வந்த அவசரச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் புல்மன் கம்பெனி வரவே இல்லை. படுக்கைப் பெட்டிக் கம்பெனி ரயில்வே ஆகாதாம்! சங்கம் வாஷிங்டனில் மல்லுக்கட்டித்தான் 1934 திருத்தத்தில் அதைச் சேர்க்க வைத்தது. கம்பெனி நடத்தும் சங்கங்களுக்கும் அதில் தடை வந்தது. 1935-இல் போர்ட்டர்களிடையே ரகசிய வாக்கெடுப்பு. கம்பெனிச் சங்கத்தின் இடத்தில் முளைத்த அமைப்புக்கு 1,422. சகோதரத்துவ சங்கத்துக்கு 5,931.

இரண்டே வருடத்துக்கு முன்னால் சந்தா கட்டியவர்கள் 658 பேர். இந்த 5,931 பேர் எங்கிருந்து வந்தார்கள்? சட்டம் வாக்குச் சீட்டைத்தான் கொடுத்தது, அதில் எந்தப் பெட்டியில் குறி போடுவது என்று அது சொல்லவில்லை. பயம் போனது என்பார்கள். பயம் போனவன் வீட்டிலேயே இருந்திருக்கலாம், எதிர் அமைப்புக்குப் போட்டிருக்கலாம். மணிக்கு எத்தனை சென்ட் என்ற கணக்கும், 240 மணி நேரம் என்ற எண்ணும் பத்து வருடமாக அச்சில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. சந்தா கட்டாதவன் படிக்கவில்லை என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது. ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் படிக்கிற காலம் அது. பத்திரிகை மட்டுமே செய்தது என்றால் அது பொய். சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர் விடாமல் கூட்டம் போட்டார், பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆனால் 1933-இல் செத்துவிட்டதாகப் பேசப்பட்ட சங்கத்தின் பெயர் 1935-இல் எல்லாப் போர்ட்டருக்கும் நினைவில் இருந்தது. அந்த நினைவை அந்த வருடங்களில் சுமந்துகொண்டிருந்தது இந்த 'நட்டம்'தான்.

1937 ஆகஸ்ட் 25. ஹார்லெம் கூட்டம் நடந்து சரியாகப் பன்னிரண்டு வருடம். புல்மன் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டது. சம்பள உயர்வோடு, மாதம் 240 மணி நேரம். 1925-இல் கேட்ட அதே 240.

ராண்டால்ஃப் மேல் ஒரு விமர்சனம் மிச்சம் இருக்கிறது. ஹோட்டல் மெசஞ்சரில் சங்கத் தலைகளையே எழுதிக் கிழித்தவர் அவர். பிறகு அவரே தலைவர், அவரே ஆசிரியர். அந்தத் தலைவரைத் தட்டிக் கேட்க வேண்டுமென்றால் போர்ட்டர் எங்கே போய் எழுதுவான்? 1928 வாபஸை அவருடைய சொந்தப் பத்திரிகையில் யார் கேள்வி கேட்டிருப்பார்கள்? 'எதற்குப் பத்திரிகை' என்பதற்குப் பதிலாக 'யார் கையில் பத்திரிகை' என்று கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

1941 மே மாத பிளாக் வொர்க்கரில் ஓர் அழைப்பு வந்தது. ராணுவத் தளவாட ஆலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை கொடு, ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழி. இல்லையென்றால் ஜூலை 1 அன்று வாஷிங்டனில் ஆயிரக்கணக்கில் அணிவகுப்போம் என்று. ஜூன் 25 அன்று ரூஸ்வெல்ட் உத்தரவு 8802-இல் கையெழுத்திட்டு, தளவாட ஆலைகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தார். ராணுவத்துக்குள் இருந்த பிரிவினையை அந்த உத்தரவு தொடவில்லை. பேரணி நிறுத்தப்பட்டது. மறுபடியும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார் என்று இளைஞர்கள் ராண்டால்ஃபைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டியவர்களில் பேயார்ட் ரஸ்டினும் ஒருவர். 1963 ஆகஸ்டில் இரண்டரை லட்சம் பேர் வாஷிங்டனில் கூடியபோது, ஏற்பாடு முழுவதையும் கவனித்தவர் அதே ரஸ்டின். தலைமை ராண்டால்ஃப், வயது 74.